தோட்டப் பணியாளர்களின் பணிப் பாதுகாப்பு

தோட்டப் பணியாளர்களின் பணிப் பாதுகாப்பு என்பது பூங்கா, சாலையோரப் பசுமைப் பகுதி, அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, தொழிற்சாலை வளாகம், தனி வீடு ஆகிய இடங்களில் ஊதியம் பெற்றுச் செடி, புல், மரம் ஆகியவற்றைப் பேணுவோருக்குத் தொழிலால் நேரும் காயம், நோய், நஞ்சேற்றம் ஆகியவற்றையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் குறிக்கும். பூச்சிக்கொல்லி, வெயில், மண்வழி நோய்க்கிருமிகள், பாம்புக்கடி, வெட்டுக் கருவிகள், மரத்திலிருந்து விழுதல், மின்தாக்கு, முதுகு மற்றும் மூட்டு நோய்கள் ஆகியன இத்தொழிலின் முதன்மையான இடர்கள் ஆகும். வேளாண்மையின் இடர்களும் கட்டுமானத் தொழிலின் இடர்களும் ஒரே ஆளிடம் சேர்வது இத்தொழிலின் தன்மை. ஆயினும் இந்தியச் சட்டங்களில் நகர்ப்புறத் தோட்டப் பணியாளர் தனிப் பிரிவாகக் கருதப்பட்டது அரிது. இக்கட்டுரை சென்னையை, குறிப்பாகப் புளியந்தோப்பு உள்ளிட்ட வடசென்னையை முன்வைத்து இப்பொருளை விளக்குகிறது.

பெயரும் வரையறையும்

தமிழில் "தோட்டத் தொழிலாளர்" என்னும் சொல் பெரும்பாலும் நீலகிரி, வால்பாறை, இலங்கை மலையகம் ஆகிய இடங்களில் தேயிலை, காப்பி, இறப்பர்த் தோட்டங்களில் பணிபுரிவோரையே குறிக்கிறது. நகரத்தில் செடி பேணுபவர் "தோட்டக்காரர்" எனப்படுகிறார். சென்னையில் "மாலி" என்ற வட இந்தியச் சொல்லும் வழங்குகிறது. அரசு ஆவணங்களில் "பூங்காப் பணியாளர்", "தோட்டப் பணியாளர்" என்ற பெயர்கள் உண்டு.

இது வெறும் சொல் வேறுபாடு அன்று. 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, இறப்பர், சின்கோனா, ஏலம் முதலிய பெருந்தோட்டங்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதிலும் 5 எக்டேருக்குக் குறையாத நிலமும் 15 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரும் இருத்தல் வேண்டியிருந்தது. 2010 ஆம் ஆண்டுத் திருத்தம் பூச்சிக்கொல்லி முதலிய வேதிப்பொருட்களைக் கையாள்வது பற்றிய தனி அத்தியாயம் ஒன்றை அச்சட்டத்தில் சேர்த்தது. அதே மருந்தை ஒரு நகரப் பூங்காவில் தெளிப்பவருக்கு அந்த அத்தியாயம் பொருந்தவில்லை.

சென்னையிலும் வடசென்னையிலும்

சென்னையில் ஊதியத்திற்குத் தோட்டம் பேணும் தொழில் பழைமையானது. வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835 இல் தொடங்கப்பட்டது. மத்தியத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டிய மக்கள் பூங்கா 1859 இல் அமைக்கப்பட்டது. வடசென்னையில் இராயபுரத்தின் ராபின்சன் பூங்கா, 1949 இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம் என்பதால் அறியப்பட்டது. அது இன்று அறிஞர் அண்ணா பூங்கா எனப்படுகிறது. இப்பூங்காக்களின் வரலாற்றை எழுதியோர் அமைத்த ஆளுநர்களையும் பேசிய தலைவர்களையும் பதிவு செய்த அளவிற்கு, அங்கு நீர் ஊற்றியவர்களைப் பதிவு செய்யவில்லை.

புளியந்தோப்பு சென்னை மாநகராட்சியின் திரு.வி.க. நகர் மண்டலத்தில் உள்ளது. பெயர் புளிய மரத் தோப்பைக் குறிப்பினும் இன்று அது நெருக்கமான குடியிருப்புகளும் பட்டறைகளும் மாநகராட்சி இறைச்சிக்கூடமும் கொண்ட பகுதி ஆகும். கேசவப்பிள்ளை பூங்கா என்ற பெயருடைய இடத்தில் இருப்பவை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் கட்டடங்களே. ஓட்டேரி நல்லா கால்வாய் இப்பகுதியை ஒட்டிச் சென்று பேசின் பாலம் அருகே பக்கிங்காம் கால்வாயில் கலக்கிறது. தாழ்வான நிலம், மழைக்காலத்தில் தேங்கும் நீர், எலிகள், சாலைக்கு அடியில் செல்லும் மின்வடங்கள் ஆகியவை இங்குள்ள சிறு பூங்காக்களிலும் சாலை நடுத் தீவுகளிலும் பணிபுரிவோரின் இடர்களைத் தீர்மானிக்கின்றன.

சென்னையின் மாநகராட்சிப் பூங்காக்களில் பெரும்பகுதி ஒப்பந்ததாரர்கள் வழியாகப் பேணப்படுகிறது. தனியார் குடியிருப்புகளிலும் ஆள் வழங்கும் நிறுவனங்கள் வழியாகவே தோட்டக்காரர்கள் வருகின்றனர். வீடுகளில் பணிபுரிவோர் ஒரே நாளில் மூன்று நான்கு வீடுகளுக்குச் செல்வதுண்டு. இதனால் கையுறை யார் வாங்கித் தருவது, காயம்பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

பூச்சிக்கொல்லிகள்

இந்தியாவில் பூச்சிக்கொல்லிகள் 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 1971 ஆம் ஆண்டு விதிகளாலும் கட்டுப்படுத்தப்படுகின்றன. ஒவ்வொரு கொள்கலனின் சீட்டிலும் சாய்சதுர வடிவ நிறக்குறி இருக்க வேண்டும். சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லத் தேவையான, வாய்வழி உட்கொள்ளப்படும் அளவைக் கொண்டு நிறம் முடிவாகிறது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் 50 மில்லிகிராம் வரை எனில் சிவப்பு, 51 முதல் 500 வரை மஞ்சள், 501 முதல் 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. சிவப்புக் குறியுடன் மண்டையோட்டுப் படமும் இருக்கும். எழுதப் படிக்க அறியாதவரும் புரிந்துகொள்வதற்காகவே இம்முறை வகுக்கப்பட்டது. ஆனால் தோட்டக்காரர் கையில் வந்து சேரும் மருந்து பெரும்பாலும் பழைய தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ பிரித்து ஊற்றப்பட்டதாக இருக்கும். அப்போது நிறக்குறியும் சீட்டும் பின்தங்கிவிடுகின்றன. குடிநீர் என எண்ணி அருந்திவிடும் இடரும் இதனால் தோன்றுகிறது.

உடலுக்குள் நஞ்சு செல்லும் முதன்மை வழி வாயோ மூக்கோ அன்று, தோலே ஆகும். பரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று, 1971 இல் வெளியானது. முன்கையில் பட்ட மருந்தில் ஏறத்தாழ 9 விழுக்காடும், நெற்றியில் பட்டதில் ஏறத்தாழ 36 விழுக்காடும், விரைப்பையில் பட்டது ஏறக்குறைய முழுவதும் உடலுக்குள் சென்றதாக அது காட்டியது. முதுகில் சுமக்கும் தெளிப்பானின் மூடி அல்லது குழாய் இணைப்பு கசிந்தால், மருந்து முதுகு வழியாக இடுப்பிற்கும் தொடைக்கும் வழியும். நனைந்த லுங்கியுடனோ கால்சட்டையுடனோ பணி முடியும் வரை இருப்பது, முகத்தில் துணி கட்டாமல் இருப்பதைவிடத் தீங்கானது. முகக்கவசம் பற்றி அதிகம் பேசப்படும் நிலையில், கசியாத தெளிப்பான் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை.

கரிமப் பாசுபேட்டு, கார்பமேட்டு வகை மருந்துகள் நரம்பு முனைகளில் கோலினெசுட்டரேசு என்னும் நொதியைத் தடுக்கின்றன. கண்மணி சுருங்குதல், பார்வை மங்கல், மிகையான வியர்வை, எச்சில் ஊறல், வாந்தி, தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியன அறிகுறிகள் ஆகும். வெயிலில் உழைப்பவருக்கு வியர்வையும் தலைசுற்றலும் இயல்பு என்பதால் தொடக்க அறிகுறிகள் வெப்பத் தளர்ச்சி எனத் தவறாகக் கருதப்படக்கூடும். கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருப்பது நஞ்சேற்றத்தைக் காட்டும் குறி. இவ்வாறு பாதிக்கப்பட்டவரின் உடையைக் களைந்து, சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மருந்துக் கொள்கலனின் சீட்டுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கு அட்ரோப்பின் மாற்று மருந்தாகச் செலுத்தப்படுகிறது. வடசென்னையில் இத்தகைய நோயாளிகள் சென்று சேரும் பெரிய அரசு மருத்துவமனை, பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனை ஆகும்.

தெளிக்கும் உயரமும் முக்கியமானது. 2017 இல் மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், பல நூறு பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு செடிகள் வழக்கத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தது காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. தலைக்கு மேல் தெளிக்கும்போது மருந்துத் துளிகள் தெளிப்பவர் மீதே இறங்குகின்றன. மாமரம், செம்பருத்திப் புதர், உயர்ந்த வேலிச்செடி ஆகியவற்றிற்கு மருந்தடிக்கும் நகரத் தோட்டக்காரரின் நிலையும் இதுவே.

தென்னைக்கு வேர் வழியாக மோனோகுரோட்டோபாசு செலுத்தும் முறை தமிழகத்தில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. இம்மருந்தைக் காய்கறிகளுக்குப் பயன்படுத்துவது 2005 இல் தடை செய்யப்பட்டது. நாட்டில் பரவலாக விற்ற அதன் 36 விழுக்காட்டுக் கரைசலை விலக்கும் ஆணையை 2023 இல் நடுவண் அரசு வெளியிட்டது. இருப்பைத் தீர்க்க ஓராண்டு தரப்பட்டது. களைக்கொல்லியான கிளைபோசேட்டை 2015 இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை "மனிதரில் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இக்கருத்தை ஏற்கவில்லை. 2018 ஆகத்தில் சான் பிரான்சிசுகோ நீதிமன்றத்தில், கலிபோர்னியப் பள்ளி வளாகங்களைப் பேணிய ஒரு தோட்டப் பணியாளருக்கு மொன்சாண்டோ நிறுவனம் 28.9 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் எனச் சான்றாயம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளில் இத்தொகை 2020 இல் ஏறத்தாழ 2 கோடி டாலராகக் குறைக்கப்பட்டது. களைக்கொல்லி வழக்குகளில் உலகின் கவனத்தை முதலில் ஈர்த்தது உழவர் அல்லர், ஒரு பள்ளியின் தோட்டக்காரர் என்பது குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் 2022 அக்டோபரில் வெளியான அறிவிக்கை, கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றோர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் எனக் கூறியது.

1971 ஆம் ஆண்டு விதிகள் தெளிப்போருக்கு மேலங்கி, முன்கையின் பாதி வரை வரும் இரப்பர்க் கையுறை, தூசி புகாத கண்ணாடி, காலணி ஆகியவை தரப்பட வேண்டும் என்கின்றன. காலமுறை மருத்துவப் பரிசோதனையையும் பயிற்சியையும் அவை கோருகின்றன. காகிதத்தில் இவ்விதிகள் குறையற்றவை. ஆனால் மே மாதச் சென்னையில் இரப்பர்க் கையுறையும் மேலங்கியும் அணிந்து ஒருவர் எவ்வளவு நேரம் உழைக்க முடியும் என்பது வேறு கேள்வி. உணவு வேளாண்மை அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் வெளியிட்ட பூச்சிக்கொல்லி மேலாண்மை நடத்தை நெறி இதை வெளிப்படையாக ஏற்கிறது. அணிவதற்குத் துன்பமான, விலை மிகுந்த, எளிதில் கிடைக்காத பாதுகாப்பு உடை தேவைப்படும் மருந்துகளை வெப்ப நாடுகளில் தவிர்க்க வேண்டும் என்பது அந்நெறி. அதாவது கவசம் அணிய முடியாத இடத்தில் மாற்ற வேண்டியது மருந்தையே. வேப்பெண்ணெய்க் கரைசல், மஞ்சள் ஒட்டுப்பொறி, நோயுற்ற கிளையை வெட்டி நீக்குதல், களையைக் கையால் எடுத்தல் ஆகியவை ஒரு நகரப் பூங்காவிற்குப் பெரும்பாலும் போதுமானவை. அழகுச்செடியில் சில இலைகள் பூச்சியரிப்புடன் இருப்பதால் எவருக்கும் உணவு குறைவதில்லை.

வெயிலும் வெப்பமும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியசு பதிவானது. எனினும் வெப்பமானி காட்டும் எண்ணைவிட ஈரப்பதம் சேர்ந்த வெப்பமே கடற்கரை நகரங்களில் தீங்கானது. காற்றில் ஈரம் மிகும்போது வியர்வை ஆவியாவதில்லை, உடல் குளிர்வதில்லை. மரம் நட்டு வளர்ப்பவர்களே நிழலற்ற இடத்தில் பணிபுரிவது இத்தொழிலின் முரண். புதிதாக நடப்பட்ட கன்றுக்கும் சாலை நடுத் தீவின் செடிக்கும் நிழல் இராது. இரு புறமும் தார்ச்சாலையின் வெப்பமும் வண்டிப் புகையும் சேர்கின்றன.

தசைப்பிடிப்பு, தலைவலி, குமட்டல் ஆகியன வெப்பத் தளர்ச்சியின் அறிகுறிகள். பேச்சுத் தடுமாற்றம், குழப்பம், மயக்கம் ஆகியன தோன்றினால் அது வெப்பத்தாக்கு ஆகும். அது உயிருக்கு ஆபத்தானது. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று உடல் முழுவதையும் நீரால் நனைத்து விசிற வேண்டும், மருத்துவ உதவிக்காகக் காத்திருக்கும் நேரத்திலும் இதை நிறுத்தக் கூடாது. தடுப்பிற்கு, தாகம் எடுக்கும் வரை காத்திராமல் 15 அல்லது 20 நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை நீர் பருகுவது பரிந்துரைக்கப்படுகிறது. மோரும் உப்பிட்ட கஞ்சியும் இதற்கு ஏற்றவையே. பெண் பணியாளர்கள் பலர் கழிப்பிடம் இல்லாததால் நீர் அருந்துவதைத் தவிர்க்கின்றனர். ஆகவே பூங்காவில் பூட்டிய கழிப்பறையின் திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதும் பணிப் பாதுகாப்பைச் சேர்ந்த கேள்வியே. சென்னை போரூர் சிறீ இராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2024 இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பமான இடத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு அல்லது குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு எனக் கண்டது.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் பெற இது வழி செய்தது. ஆனால் திறந்தவெளிப் பணியை நிறுத்த வேண்டிய வெப்ப அளவு எதையும் இந்தியச் சட்டம் வகுக்கவில்லை. தமிழர் பலர் தோட்டப் பணி உள்ளிட்ட வேலைகளுக்குச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்தில் சூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் பணி செய்விப்பது தடை செய்யப்பட்டுள்ளது. கத்தார் 2021 இல் இத்துடன், ஈரக்குமிழ் கோளவெப்பச் சுட்டெண் 32.1 பாகையைத் தாண்டினால் எந்நேரமும் பணி நிறுத்தப்பட வேண்டும் என விதித்தது. இவ்விதிகளின் செயலாக்கம் பற்றிக் குறைகள் கூறப்படினும் நிறுத்தும் எல்லை ஒன்று எழுத்தில் உள்ளது.

மண், முள், நீர்

தமிழ்நாட்டு நகர் ஒன்றின் பெயரைத் தாங்கிய தொழில்நோய் ஒன்று உலக மருத்துவ நூல்களில் உண்டு. "மதுரைக் கால்" எனப்படும் மைசெட்டோமா, முள் குத்திய காயத்தின் வழியே மண்ணில் வாழும் பூஞ்சையோ பாக்டீரியாவோ பாதத்தினுள் புகுவதால் ஏற்படுகிறது. வலியின்றித் தொடங்கும் வீக்கம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, சீழ்ப் புழைகள் வழியே கறுப்பு, வெள்ளை அல்லது சிவப்பு நிறக் குருணைகளை வெளியேற்றும். எலும்பு வரை பரவினால் காலை நீக்க நேரிடலாம். 1842 இல் மதுரை மருந்தகத்தைச் சேர்ந்த கில் என்ற மருத்துவர் இதை விவரித்தார். 1860 இல் கார்ட்டர் இது பூஞ்சையால் வருவது என எழுதினார். உலக நலவாழ்வு அமைப்பு 2016 இல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வெறுங்காலுடன் மண்ணில் உழைப்பவரின் நோய் இது, காலணி அதன் தடுப்பு. விலை மிகுந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோசுபைரோசிசு, எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காயம்பட்ட தோலில் படுவதால் வருகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவற்றுடன் தொடங்கி மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு வரை செல்லக்கூடும். மழைக்குப் பின் புளியந்தோப்பு போன்ற தாழ்வான பகுதிகளில் பூங்காவின் சேற்றை அகற்றுவோர் இதற்கு எளிதில் ஆட்படுகின்றனர். முழங்கால் வரை வரும் இரப்பர்க் காலணி இங்குப் பயன்தரும். வெட்டுக்காயம், துருப்பிடித்த கம்பி, எரு ஆகியவற்றோடு பழகுவதால் வில்வாதத் தடுப்பூசி ஒவ்வொரு தோட்டப் பணியாளருக்கும் இன்றியமையாதது.

நகரக் குப்பையிலிருந்து செய்த மக்கிய உரம் பூங்காக்களில் பயன்படுத்தப்படுகிறது. முறையாகச் சலிக்கப்படாத உரத்தில் கண்ணாடிச் சில்லும் ஊசியும் இருப்பதுண்டு. வெறுங்கையால் அதை அள்ளுவது தவிர்க்கத்தக்கது. உலர்ந்த உரத்தைக் கிளறும்போது எழும் தூசி மூச்சுக்குழல் ஒவ்வாமையைத் தூண்டும். ஆசுத்திரேலியாவில் தொட்டி மண்ணிலிருந்து பரவும் ஒரு வகை லெசியோனெல்லா நுரையீரல் அழற்சி அறியப்பட்டுள்ளது. அங்கு மண் பைகளிலேயே எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. உரத்தைச் சற்று நனைத்துவிட்டுக் கிளறுவது எளிய தடுப்பு. வடசென்னையில் இதனுடன் தொழிற்சாலைத் தூசியும் சேர்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றைக் கையாள்வது உயர்நீதிமன்ற ஆணையால் 2011 இல் நிறுத்தப்பட்டு எண்ணூருக்கு மாறியபின் இராயபுரத்தின் கரித்தூசி குறைந்தது. எண்ணூரிலோ அனல்மின் நிலையங்களின் சாம்பல் சிக்கலாகவே உள்ளது.

பார்த்தீனியம் என்னும் களை 1950களில் புனேயில் கண்டறியப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. இதைப் பிடுங்குவோருக்குக் கை, கழுத்து, கண்ணிமை ஆகிய இடங்களில் தோலழற்சி ஏற்படுகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். பூக்கும் முன், மழையில் மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையுடன் வேரோடு பிடுங்குவது நன்று. கள்ளி வகைச் செடிகளின் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சாலை நடுவில் விரும்பி நடப்படும் அரளியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை, வெட்டிய கிளைகளை எரித்து அப்புகையில் நிற்கக் கூடாது.

பாம்பு, தேனீ, குளவி

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்ததாக 2020 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம். இந்நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து ஒன்றே. அதற்கான நஞ்சைச் சேகரிக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்குகிறது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது.

சருகுக் குவியல், செங்கல் அடுக்கு, படர்ந்த புல் ஆகியவற்றில் கையை விடுமுன் கோலால் கிளறுவது பழைய தோட்டக்காரர்களின் வழக்கம். கடிபட்டால் இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை கூடா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து விரைந்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மரம் கழிக்கும் முன் தேன்கூடும் குளவிக்கூடும் உள்ளனவா என மேலே நோக்குவது தேவை.

கருவிகள், மரமேறுதல், மின்சாரம்

இயந்திரப் புல்வெட்டியின் சுழலும் கத்தியிலிருந்து தெறிக்கும் கல் கண்ணைக் குருடாக்கும். அதன் ஓசை பொதுவாக 90 டெசிபலைத் தாண்டுவதால் நாள் முழுவதும் காதுக்கவசமின்றி இயக்குவது செவித்திறனைக் கெடுக்கும். அதிர்வு நெடுங்காலம் தொடர்ந்தால் விரல்கள் மரத்துப்போகும்.

இறப்புகளுக்கு மிகுந்த வாய்ப்பு உள்ளது மரத்தில்தான். தென்னை ஏறுவோர் காலில் தளைக்கயிறு மட்டும் மாட்டி ஏறுகின்றனர். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 இல் தொடங்கிய "தென்னை மரங்களின் நண்பர்கள்" திட்டம் ஏறும் கருவியில் பயிற்சி அளித்துக் காப்பீட்டுடன் இணைத்தது. ஆனால் நகரில் வேப்ப மரமும் தூங்குமூஞ்சி மரமும் கழிப்பவருக்கு அத்தகைய திட்டம் இல்லை. 2016 திசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அறுந்த மின்கம்பிகளுக்கு இடையே அவற்றை வெட்டி அகற்ற நேர்ந்தது. சாய்ந்த மரத்தின் கிளைகள் வில் போல வளைந்து விசை ஏறியிருக்கும். தவறான பக்கத்தில் வெட்டினால் அவை திருப்பி அடிக்கும். எனவே புயலுக்குப் பிந்தைய மரவெட்டு, வழக்கமான கிளை கழித்தலைவிட ஆபத்தானது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை மேலே பார்ப்பது மட்டும் போதாது. சென்னையின் பல பகுதிகளில் மின்விநியோகம் புதைவடங்கள் வழியே நடைபெறுகிறது. கன்று நடக் கடப்பாரையால் குழி தோண்டுபவருக்கு வடம் எங்கே செல்கிறது என்பது தெரியாது. 2020 செப்டம்பரில் புளியந்தோப்பில் மழைநீர் தேங்கிய தெருவில் நடந்து சென்ற பெண் ஒருவர் பழுதுற்ற புதைவடத்தின் மின்சாரம் தாக்கி இறந்தார். அவர் தோட்டப் பணியாளர் அல்லர். ஆனால் அதே ஈர மண்ணில் இரும்புக் கருவியுடன் நாள்தோறும் நிற்பவர் தோட்டப் பணியாளர். சாலையோரத்தில் குழி தோண்டும் முன் மின்வாரியத்திடம் வடத்தின் தடத்தைக் கேட்டு அறிதல், மின்பெட்டிக்கு அருகில் தோண்டாதிருத்தல், நீரேற்றி இயந்திரத்திற்குக் கசிவு மின்துண்டிப்பான் பொருத்துதல் ஆகியவை அடிப்படைத் தேவைகள் ஆகும்.

முதுகும் முழங்காலும்

குனிந்தும் குந்தியும் களை எடுப்பதால் முதுகும் முழங்காலும் தேய்கின்றன. இவை மெல்ல வருவதால் "வயதாகிவிட்டது" என்று கொள்ளப்படுகின்றன. கலிபோர்னியாவில் குட்டைப் பிடி கொண்ட களைக்கொத்தியைப் பண்ணைத் தொழிலாளருக்குத் தருவது 1975 இல் தடை செய்யப்பட்டது. அம்மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அது பாதுகாப்பற்ற கருவி என முடிவு செய்யப்பட்டது. கருவியின் பிடி நீளத்தையே சட்டம் கேள்விக்கு உட்படுத்திய அரிய நிகழ்வு இது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நின்றபடி இயக்கும் நீண்ட பிடிக் களைக்கருவிகளை வடிவமைத்துள்ளது. அவை வயல்களில் அறிமுகமான அளவிற்குப் பூங்காக்களில் அறிமுகமாகவில்லை.

சட்ட நிலை

தொழில் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிச் சூழல் தொகுப்புச் சட்டம் 2020 இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைகள் சட்டம், தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை இது தன்னுள் சேர்த்துக்கொண்டது. பணி நியமனக் கடிதம், குறிப்பிட்ட வகைத் தொழிலாளருக்கு இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை இது வேலை தருபவரின் கடமையாக்குகிறது. ஒப்பந்தத் தொழிலாளரின் நல வசதிகளுக்கு முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்கிறது. மாநகராட்சிப் பூங்காவில் ஒப்பந்ததாரரின் கீழ் பணிபுரிபவருக்கு இது குறிப்பிடத்தக்க மாற்றம் ஆகும்.

எனினும் இச்சட்டம் பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே உரியது. ஒரு வீட்டிற்கு வாரம் இருமுறை வரும் தோட்டக்காரர் இதன் வெளியே நிற்கிறார். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 38 ஆம் பிரிவும், ஒருவர் தம் வீட்டுத் தேவைக்கோ வீட்டுக் காய்கறித் தோட்டத்திற்கோ பயன்படுத்தும் மருந்திற்கு விலக்கு அளிக்கிறது. வீட்டு உரிமையாளர் தாமே தெளிப்பதை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விலக்கு இது. கூலிக்கு அமர்த்தப்பட்டவர் அங்கு தெளித்தால் என்ன என்பதை அப்பிரிவு தனியாகக் கூறவில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2001 ஆம் ஆண்டு வேளாண்மைப் பாதுகாப்பு உடன்படிக்கையையும் 2011 ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் உடன்படிக்கையையும் இந்தியா ஏற்புறுதி செய்யவில்லை. அவ்வமைப்பு வீட்டுத் தோட்டக்காரரையும் வீட்டுப் பணியாளராகவே கருதுகிறது. வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டம் இயற்றுவது பற்றி ஆராயக் குழு அமைக்குமாறு 2025 சனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் நடுவண் அரசிடம் கூறியது. தமிழ்நாட்டில் 1982 ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்த நலவாரியங்கள், பதிவு செய்தோருக்கு விபத்து இறப்பு, உடலுறுப்பு இழப்பு ஆகியவற்றிற்கு உதவித்தொகை வழங்குகின்றன. வீட்டுப் பணியாளருக்கான வாரியம் 2007 இல் அமைக்கப்பட்டது. பதிவு தொழிலாளரின் பொறுப்பில் விடப்பட்டுள்ளது, வேலை தருபவர் அதற்கெனச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.